எத்திராஜ் பெயர் இருந்த சுவர்

எத்திராஜ் மாமா பத்தொன்பது ஆண்டுகள் ஓர் இரும்புக் கம்பத்தைத் தூக்கி இறக்கினார். ஆந்திராவில் பிச்சாட்டூர் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையில் லாரிகளை மறித்துச் சோதித்த சாவடி அது. அவர் தற்காலிக ஆள். கையில் ஒரு காகிதமும் கிடையாது. யாருக்கு எந்த ஷிப்ட் என்று சாவடிச் சுவரில் தெலுங்கில் பெயிண்டால் எழுதியிருந்தார்கள். மூன்றாவது வரி அவருடையது. படிக்கத் தெரியாவிட்டாலும் அது அவருக்குத் தெரியும்.

வரிமுறை மாறியதும் சாவடியை மூடிவிட்டார்கள். கம்பம் போனது, நீண்ட சுவர் மட்டும் நின்றது. சென்ற ஆண்டு ஒரு தொண்டு அமைப்பு அதைத் திறந்தவெளி ஓவியக்கூடமாக்கியது. திருப்பதியிலிருந்து ஓவிய மாணவர்கள் வந்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேலை கிடைக்கவில்லை. சான்றிதழ் தருவார்கள் என்று வெள்ளையடிக்கப் போனேன்.

மாமா எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். ரோலரோடு நான் அந்தப் பட்டியல் முன் நின்றபோது கேட்டார்.

"எம் பேரு இன்னும் அதுல கீதா, பாரு பாப்பா?"

"கீது மாமா. அழிச்சிடவா?"

"அழி, அழி. லாரிக்காரனுங்க கிட்ட வாங்கின திட்டு போதும். நல்லதா ஒரு மயிலு போடச் சொல்லு."

அழித்தேன். அதே இடத்தில் மயிலும் வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு செய்தி வந்தது. மூடிய சாவடிகளின் ஆட்கள் வேலை செய்ததை நிரூபித்தால் வேறு துறையில் நிரந்தர வேலையாம். மாமாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. இனி இன்னொரு வாய்ப்பு வராது. வக்கீல் நாகேந்திரனிடம் போனோம். பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டதாக அலுவலகம் கைவிரித்திருந்தது.

"சுவத்துல எழுதிக்கினு இருந்தாங்க சார்" என்று தொடங்கிய மாமா, பாதியில் என்னைப் பார்த்தார்.

அமைப்பினரிடம் பழைய சுவரின் படம் கேட்டேன். தூரத்திலிருந்து எடுத்தது, எழுத்துகள் புள்ளிகளாகத் தெரிந்தன. மறுநாள் காலை மாமாவின் மனைவி செங்கம்மா அத்தை தோசைத் திருப்பியோடு வந்தார். மூவரும் மயிலின் கழுத்தைச் சுரண்டினோம். வெள்ளையோடு பழைய பெயிண்டும் உரிந்து சிமெண்ட் தெரிந்தது. படமெடுக்க வந்திருந்த ஒரு குடும்பம், "பொம்ம பாடு செய்யொத்தண்டி!" என்று, படத்தைக் கெடுக்காதீர்கள் எனத் தெலுங்கில் கத்தியது.

"பத்தொம்போது வருசம் கம்பம் தூக்கினியே, ஒரு காயிதம் தூக்கினு வந்தியா?" என்றார் அத்தை.

வக்கீலுக்குப் போன் செய்தேன். "கடைசியாப் படிச்சது நீதானேம்மா? சாட்சி சொல்லு. மேல எந்த வருஷம் போட்டிருந்துது? கீழ யாரு கையெழுத்து?"

நான் பெயரை மட்டுமே படித்திருந்தேன். எத்தனையோ தேர்வு எழுதியவள், கண்ணெதிரே இருந்த நான்கு வரியை ஏன் முழுதாகப் படிக்கவில்லை?

"ஏதோ ஒரு வருசம் சொல்லேன் பாப்பா" என்றார் மாமா, மெல்ல.

போனில் அது கேட்டிருக்க வேண்டும். "தப்பாச் சொன்னா ஒரே கேள்வியில கேஸ் போயிடும்" என்றார் வக்கீல்.

"ஞாபகம் இல்ல மாமா."

அவர் என் கையிலிருந்து போனை வாங்கினார். "பாப்பாவுக்குத் தெர்லியாம் சார்" என்று சொல்லிவிட்டு, எப்படி அணைப்பது என்று தெரியாமல் என்னிடமே நீட்டினார்.