புள்ளியின் மறுபக்கம்

வட்டக்கச்சியில் கௌசலாவைப் போல இருப்புக்கொள்ளாத மனுசி வேறு இல்லை. காலையில் முன்பள்ளியில் படிப்பிப்பாள். பின்னேரம் என் வளவுக்கு வந்து நீர்வர்ணப் பெட்டியைத் திறப்பாள். வரைவது கறுப்பும் வெள்ளையுமான உயிர்களை மட்டும்: ஆடு, பூனை, என் பசு புள்ளி. வெள்ளைக்கு நிறமே தொடமாட்டாள், கடதாசியை அப்படியே விடுவாள். கறுப்பை நீலமும் மண்ணிறமும் குழைத்து எடுப்பாள். ஒன்று காயுமுன் அடுத்ததை வைக்கக் கூடாது என்று எனக்கே பாடம் எடுத்தவள், தான் மட்டும் பொறுக்கமாட்டாள். கறுப்பு ஊறி வெள்ளைக்குள் ஓடும். படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு முற்றத்தில் நடப்பாள். எனக்குப் பார்க்கவே எரிச்சல் வரும்.

அவளுடைய பேச்சைக் கேட்டதுதான் என் பிழை. யாருடைய மாடு என்று அடையாளம் தெரிய மாடுகளுக்குக் குறி சுட ஆட்கள் வந்தபோது குறுக்கே நின்றாள்.

"சூட்டுக்குறி விழுந்தா புள்ளியின்ர வெள்ளை போயிடும் அக்கா. படம் முடியட்டும், பிறகு சுடுங்கோ."

விட்டுவிட்டேன். படம் முடியவே இல்லை. வைகாசியில் மேயப் போன புள்ளி திரும்பி வரவில்லை.

மூன்று கிழமை அவளைத் திட்டித் தீர்த்தேன். அவள் சைக்கிளில் ஊர் ஊராகத் தேடினாள். அடுத்த ஊர்ச் சின்னராசாவின் கொட்டிலில் புள்ளியைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அவரோ, தொலைந்துபோன தன் மாடு இதுதான் என்று ஒரே பிடியாக நின்றார். கிராம அலுவலரான விதானையாரைக் கூட்டிவந்தோம். குறியும் இல்லை, முடித்த படமும் இல்லை. புள்ளி சுவரோடு ஒட்டி நின்றது. சுவர்ப் பக்கம் என்னென்ன புள்ளி இருக்கிறது, சொல்லுங்கள் என்று விதானையார் என்னைக் கேட்டார்.

நான்கு வருடம் பால் கறந்தவள் நான். ஆனால் எப்போதும் ஒரே பக்கத்தில் குந்தியிருந்துதான் கறப்பேன். அந்தப் பக்கம்தான் இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. மற்றப் பக்கத்தை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. மாடு போய்விட்டது என்றே நினைத்தேன், வெட்கத்தில் அழுகை வந்தது.

கௌசலா ஒரு கதிரையும் தண்ணீரும் கேட்டாள். பையிலிருந்து நீர்வர்ணப் பெட்டியை எடுத்து, சுவர்ப் பக்கத்தை நினைவிலிருந்தே வரையத் தொடங்கினாள். ஒரு கறுப்பை வைத்தாள். காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பிறகு அடுத்தது. கால் மட்டும் நிலத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு மணித்தியாலம் அவள் எழும்பவில்லை. முற்றத்தில் அங்கும் இங்கும் நடந்தது நான்தான்.

புள்ளியைத் திருப்பி நிறுத்திவிட்டு விதானையார் படத்தைப் பக்கத்தில் பிடித்தார். தோளில் நீளமாக ஒன்று, விலாவில் இரண்டு, வயிற்றடியில் கடலை அளவில் ஒன்று. எல்லாம் இருந்தன.

சின்னராசா படத்தையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ர மாட்டை நான் ஒருநாளும் இப்பிடிப் பாத்ததில்லை" என்றார்.

கட்டை அவிழ்த்து, கயிற்றைக் கௌசலாவின் கையில் கொடுத்தார். வேறொரு நாளாக இருந்தால், என் மாட்டின் கயிற்றை என்னிடம் தராததற்குச் சண்டைக்குப் போயிருப்பேன். வீடு வரும்வரை அவள்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். கயிற்றை நான் கேட்கவில்லை.