கப்பலேறிய இறால் ஊறுகாய்

கடைக்காரர்களுக்குச் சரக்கு விற்கிற வரைக்கும்தான் பயம். ஊறுகாய் போட்டு விற்கிறவளுக்கு விற்ற பிறகுதான் பயமே ஆரம்பிக்கும்.

வீட்டிலிருந்தே தொழில் செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பி நிம்மதியைத் தொலைத்த சக பாவிகளே, மாவு விற்பவர்களே, பொடி திரிப்பவர்களே, கேக் சுடுபவர்களே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. "முதலீடு ரொம்பக் குறைவு, வீட்டில் இருக்கிற அடுப்பே போதும்" என்று செல்போனில் வந்து ஆசை காட்டுகிறவர்கள் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நம் கையால் செய்ததை முன்பின் தெரியாத ஒருவர் வாயில் வைப்பார். அதற்குப் பிறகு அவர் வயிற்றில் என்ன நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

நான் ஏரல் பக்கத்து வயல்காரக் குடும்பத்துப் பெண். வாழைத்தாரைப் பார்த்து வளர்ந்தவள். இறாலை உரிக்கக் கற்றுக்கொண்டதெல்லாம் முத்தையாபுரத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீட்டில் டிவி. டிவி ஓயாமல் ஓடிய ஒரு மழைக்காலத்தில்தான் இறால் ஊறுகாய் போட்டு விற்பது என்று முடிவெடுத்தேன். அடுப்பு இருந்தது, இரும்புச் சட்டி இருந்தது, முறைப்படி பதிவும் செய்துகொண்டேன். பயம் தானாக வந்து சேர்ந்தது.

சாத்திக் கிடந்த கடை

முதல் பாட்டிலைத் தெருமுனை மளிகைக்கடை தங்கராஜ் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். சாப்பிட்டுப் பார்த்துப் பிடித்திருந்தால் கடையில் வைக்கட்டும் என்று ஏற்பாடு. மறுநாள் காலையில் பால் வாங்கப் போனால் கடை சாத்திக் கிடக்கிறது. அண்ணாச்சி கடையைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய அன்றைக்குக்கூடப் பாதிக் கதவைத் திறந்து வைத்து மெழுகுவர்த்தி விற்றவர். என் ஊறுகாய்தான் வேலையைக் காட்டிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன்.

பால் வாங்காமலே திரும்பினேன். மத்தியானம் எட்டிப் பார்த்தேன், பூட்டு அப்படியே தொங்கியது. பக்கத்தில் யாரிடமாவது விசாரிக்கலாம் என்றால், "எந்த ஆஸ்பத்திரி?" என்று நானே வாய் தவறிக் கேட்டுவிடுவேனோ என்று பயம். அடுத்த நாள் கடை திறந்திருந்தது. அண்ணாச்சி நெற்றியில் சந்தனப் பொட்டோடு, ஆள் முழுசாக உட்கார்ந்திருந்தார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. "உடம்புக்கு ஒண்ணுமில்லையே அண்ணாச்சி? ஊறுகாய் சாப்பிட்டியளா?" என்றேன். வந்த உயிரை அவர் மறுபடியும் வாங்கிக்கொண்டார்.

"மச்சினன் பிள்ளைக்குக் காது குத்துக்குப் போயிருந்தேம்மா. உன் ஊறுகாய அங்கன பந்தியிலல்லா வச்சிட்டேன், மொத்தச் சொந்தக்காரனும் தின்னுருக்கான்!"

கறுப்பு நரம்பு

இறாலின் முதுகில் ஒரு கறுப்பு நரம்பு ஓடும். அதை எடுக்காவிட்டால் வயிற்றைக் கலக்கும் என்று எப்போதோ யாரோ சொன்னது என் மண்டையில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது. உரித்துக் கொடுக்க உதவிக்கு வருகிறவள் ரெக்சி, கடற்கரைத் தெருக்காரி. ஊர்க்கதை பேசிக்கொண்டே, இறாலைப் பார்க்கக்கூடச் செய்யாமல், விரல் நுனியால் நரம்பை உருவிப் போடுவாள். நான் அவள் உரித்துப் போட்டதை ஒவ்வொன்றாக எடுத்து, செல்போன் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துத்தான் சட்டியில் போடுவேன். அப்படி ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, உரிக்காத குவியலில் உயிரோடு கிடந்த ஒன்று வாலைச் சுண்டி என் கையில் அடித்தது. நான் போட்ட அலறலில் போன் தண்ணீர் வாளிக்குள் போய் விழுந்தது. ரெக்சி அதை எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"யக்கா, நீங்க பயந்தது இருக்கட்டும். லைட்டை அடிச்சி அடிச்சி நீங்க பாக்குதத பாத்து அது என்ன பயம் பயந்திருக்கும்!"

விளாத்திகுளத்து டீச்சர்

விளாத்திகுளத்தில் ஒரு டீச்சரம்மா பார்சலில் வாங்கியிருந்தார். ஒருநாள் சமையல் நேரத்தில் போன். "மூடியைத் தொறந்தா புஸ்ஸுன்னு சத்தம் வருது. உள்ள நுரை நுரையா இருக்கு" என்றார். அதுவரைக்கும் நான் கனவில் மட்டும் கேட்டிருந்த வார்த்தைகள். "தொடாதீங்க, தூரக் கொட்டிருங்க, வேற பாட்டில் அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டு, அதே சட்டியில் கிளறிய மற்ற பாட்டில்களையெல்லாம் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. நன்றாக இருந்தது எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது. அது மட்டும் ஏன் கெட்டது?

மறுபடி நானே கூப்பிட்டு, ஈரக் கரண்டி போட்டீர்களா, வெயிலில் வைத்தீர்களா என்று போலீஸ்காரர் மாதிரி துருவினேன். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. ஊறுகாய்க்கு மேலே விரற்கடை உயரத்துக்கு நல்லெண்ணெய் நிற்கும். பாட்டிலுக்குத் தகர மூடி பேருக்குத்தான். காற்றுப் படாமல் காப்பாற்றுகிற நிஜ மூடி அந்த எண்ணெய்தான். நம் பக்கத்துக்காரர்களுக்கோ நல்லெண்ணெயைக் கண்டால் கை சும்மா இருக்காது. டீச்சர் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்:

"அவ்வளவு எண்ணெய் மேல சும்மா நிக்குதேன்னு வடிச்சி, தோசைப் பொடிக்கு ஊத்திட்டேம்மா. உள்ளதைச் சொன்னா, உன் ஊறுகாயவிட அந்த எண்ணெய்தான் ருசி."

லூர்து அக்காவின் முன்யோசனை

அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டிலிலும் "மேலே நிற்கும் எண்ணெயை வடிக்கக் கூடாது" என்று சிவப்பு எழுத்தில் ஒட்டினேன். பயத்துக்கு ஒரு பூட்டுப் போட்டாயிற்று என்று இருந்தேன். லூர்து அக்கா வரும்வரை.

லூர்து அக்காவின் மகன் ஜெரோம் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கே கப்பல் ஏறினால், திரும்பி வர மாதக்கணக்காகும். போன இரண்டு பயணத்துக்கும் என் ஊறுகாயைத்தான் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தார். "எம்மா, கேப்டனே கேட்டு வாங்கித் தின்னாரு" என்று ஜெரோம் போனில் சொன்னானாம். அக்கா அதைக் கோயில் முற்றத்தில் எல்லாரிடமும் சொல்ல, பிள்ளைகளைக் கப்பலுக்கு அனுப்பும் தாய்மார்கள் அத்தனை பேரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நானும் விடுவேனா? "கப்பல் கேப்டன் பாராட்டிய ஊறுகாய்" என்று வாட்ஸப்பில் போட்டுக்கொண்டேன். சொல்லப்போனால் என் வியாபாரம் எழுந்து நின்றதே அந்தக் கேப்டனின் நாக்கில்தான்.

மூன்றாம் தடவையும் அக்கா ஜெரோமுக்காக நாலு பாட்டில் வாங்கிப் போனார். அவன் கிளம்பிப் போன பிறகு ஒருநாள் மீன் மார்க்கெட்டில் பார்த்தேன். "பத்திரமாப் போய்ச் சேந்தானாக்கா? எண்ணெய் கிண்ணெய் ஒழுகலையே?" என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். "எப்படி ஒழுகும்? நான்தான் எண்ணெய பூராம் வடிச்சிட்டேன்லா" என்றார், பெருமையாக. கையில் வைத்திருந்த பையை நழுவ விட்டேன். "அக்கா, சிவப்புல எழுதி ஒட்டியிருந்தேனே!" என்று கத்தியதில் மீன் வெட்டுகிறவர்கூடக் கத்தியை நிறுத்திவிட்டார். லூர்து அக்கா என்னைச் சமாதானப்படுத்தினார்:

"அது வீட்டுல வச்சி திங்கவங்களுக்குத்தான எழுதியிருக்க? இது கப்பலுக்குப் போறதுல்லா. கைப்பையில சர்டிபிகேட்டுக்குப் பக்கத்துல வச்சேன், எண்ணெ பட்டா பிள்ளைக்கு வேலை போயிருமே ஏளா!"

ஒற்றை டிக்

அவனிடம் சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றால், "எம் பிள்ளைக்குக் கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்று அக்கா சிரிக்கிறார். நம்பரை வாங்கி நானே அனுப்பினேன்: "தம்பி, அந்த ஊறுகாயைத் தொடவே வேண்டாம். கடலில் கொட்டிவிடுங்கள்." ஒற்றை டிக் விழுந்தது. கப்பல் நடுக்கடலில். சிக்னல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

சக பாவிகளே, சுற்றிலும் தண்ணீர், கப்பலில் டாக்டர் கிடையாது, ஜெரோம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரளுகிறான். பக்கத்தில் கேப்டன். அவருந்தான் கேட்டு வாங்கித் தின்பவராயிற்றே! இந்தப் படம்தான் என் கண்ணில் ஓயாமல் ஓடியது. அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. ரெக்சியை வர வேண்டாம் என்றேன். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த வீட்டில் இனி ஊறுகாய் கிடையாது, லூர்து அக்கா முகத்தில் விழிக்கவும் முடியாது. பெற்றவளே தன் கையால் எண்ணெயை வடித்ததுதான் காரணம் என்பது பிறகு அவளுக்குத் தெரிந்தால், அதை அவள் எப்படித் தாங்குவாள்? என் பிழைப்பைவிட அந்த நினைப்புதான் என்னை உலுக்கியது. வீட்டுக்காரர், "ஏளா, கப்பல்ல என்ன ஊறுகாய மட்டுமா தின்னுக்கிட்டு இருப்பான்?" என்று கிண்டல் செய்து பார்த்தார். நான் அழுததைப் பார்த்ததும் எனக்குக் காப்பி போட்டுத் தந்தார். அவர் காப்பி போட்டதைப் பார்த்து இன்னும் பயம் கூடிவிட்டது.

இந்த லட்சணத்தில் ஒரு மத்தியானம் போனில் "லூர்து அக்கா" என்று பெயர் வருகிறது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அக்காவின் சாமியையும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு தட்டப்பட்டது. அக்காவேதான். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போனை எடுக்க மாட்டியா ஏளா? எம் மருமவனும் கப்பலுக்குப் போறான், இன்னும் ரெண்டு பாட்டில் சேத்துப் போடு. எண்ணெ ஊத்தாமலே குடுத்துரு, எனக்கு வடிக்கிற சோலி மிச்சம்."

கேப்டன்

கடைசியில் ஒருநாள் இரண்டாவது டிக் விழுந்தது. பிறகு நீலமானது. ஜெரோம் ஏதோ எழுதுகிறான், நிறுத்துகிறான், மறுபடி எழுதுகிறான். உயிரோடு இருக்கிறான் என்பது புரியவே எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. செத்தவன் நிறுத்தி நிறுத்தி எழுத மாட்டானே! எழுதியதை விட்டுவிட்டுக் குரல் பதிவாகவே அனுப்பினான். அமுக்கிக் காதில் வைத்தேன்.

"ஆன்ட்டி, பயப்படாதீங்க, நான் சாப்பிடவே இல்ல. கைப்பையில ஊறுகாய் கொண்டுபோக விட மாட்டாங்க, மூணு தடவையும் ஏர்போர்ட்லயே எடுத்துப் போட்டுட்டாங்க. வேண்டாம்னு சொன்னா அம்மா அழுவாங்க, அதான் நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். அந்தக் கேப்டன் கதையும் நான் விட்டதுதான். அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க ஆன்ட்டி."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டதும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். கப்பல் கப்பலாகப் பேர் வாங்கிய என் ஊறுகாயை என்றைக்காவது ஒருவர் நிஜமாகவே கப்பலில் வைத்துச் சாப்பிட்டுவிடுவாரோ என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற ஒரே பயம்.