பிடிபடுகிற வேலை

வேலையில் இருந்த காலத்தில் அவர் பஸ்ஸில் ஏறினால் பேச்சு அறுந்துவிடும். தூங்குகிறவன்கூட விழித்துக்கொண்டு சட்டைப் பையைத் தடவுவான். ஒழுங்காக டிக்கெட் வாங்கியவர்களும் அதை எடுத்து ஒரு முறை பார்த்துக்கொள்வார்கள். தெருவிலும் டீக்கடையிலும் அவர் செக்கர்தான். விசேஷ வீடுகளில் அவருக்குப் பக்கத்து நாற்காலி கடைசிவரை காலியாகவே கிடக்கும். யாருக்கும் அவர்மேல் கோபம் இல்லை. பழக்கதோஷம், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றபின் அவர் பார்க்கிற வேலையைச் சொன்னால் பழைய ஆட்கள் நம்புவதில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, போக்குவரத்து அருங்காட்சியகத்தில், டிக்கெட் இல்லாமல் பிடிபடுவது.

கைவிட்ட பணிமனை ஒன்றைத்தான் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். தரையிலிருந்து எண்ணெய்க் கறை போகவில்லை; அதன் மேலேயே மஞ்சள் அம்புக்குறிகள் வரைந்திருந்தார்கள். டிராம் வண்டி ஒன்று, மூக்கு நீண்ட லாரி ஒன்று, கண்ணாடிப் பெட்டிகளுக்குள் தொப்பிகள், பித்தளை மணிகள். குழந்தைகளுக்காகக் கதவைத் திறந்துவிடும் அந்தச் சனிக்கிழமைகளில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஆனால் எதையும் தொடக் கூடாது என்றால் எந்தப் பிள்ளை நிற்கும்? டிராமைச் சுற்றி வருவதற்குள் “வீட்டுக்கு எப்பப் போறோம்” என்று ஆரம்பித்துவிடும்.

அருங்காட்சியகப் பொறுப்பாளர் கெட்டிக்கார அம்மாள். ஒரு பழைய சிவப்பு பஸ்ஸை மட்டும் கயிறு கட்டாமல் விட்டு, அதில் ஒரு விளையாட்டை வைத்தார். ஒரு பிள்ளைக்குத் தொப்பி மாட்டி, டிக்கெட்டில் ஓட்டை போடும் இடுக்கியைக் கையில் கொடுப்பார்கள். சீட்டுகளில் பெரியவர்கள் பயணிகளாக உட்கார்ந்திருப்பார்கள். கூட வந்த பெற்றோர் சிலர். மீதிப் பேர் கேமராவும் கையுமாக அலைகிற கல்லூரிப் பையன்கள். ஹாரன் சத்தத்தை வைத்தே வண்டி எந்த மாடல் என்று சொல்லும் பஸ் பைத்தியங்கள். அத்தனை பேரில் ஒருவரிடம் மட்டும் டிக்கெட் இருக்காது. அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். பிடிபட்டவர் சாக்குச் சொல்வார். பிள்ளை மன்னித்தும் விடலாம், இறக்கியும் விடலாம்.

சோதனை செய்வது எப்படி என்று காட்டத்தான் செக்கரைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாளே, டிக்கெட் இல்லாத பயணியாக நடிக்க வேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

“சார், இன்னிக்கு மட்டும் நீங்க உக்காந்துருங்க.”

“நானா? ஊரே சிரிக்கும்மா.”

“சிரிக்கட்டும் சார். அதுக்குத்தானே வர்றாங்க.”

அன்றைக்கு ஆட்டம் கெட்டது. சோதித்த சிறுவன் அவர் சட்டைப் பையில் கைவிட்டான். ஒழுங்காகக் கிழித்த டிக்கெட் ஒன்று வெளியே வந்தது. குற்றவாளியே இல்லாத பஸ்ஸின் நடுவில் நின்று அவன் உதட்டைப் பிதுக்கினான்.

“என்ன சார், கொஞ்ச நேரம் டிக்கெட் இல்லாம உக்காரத் தெரியாதா உங்களுக்கு?” என்றார் பொறுப்பாளர்.

“தெரியலையேம்மா.”

பொய் இல்லை. டிக்கெட் இல்லாமல் பஸ் சீட்டில் உட்கார்ந்தால், அது டயரில் காற்று இறங்கிப்போன பஸ்ஸாகவே இருந்தாலும், அவருக்கு முதுகில் எறும்பு ஊரும். அதன்பின் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு டிக்கெட்டை வாங்கி மடித்து, மூக்குக் கண்ணாடிக் கூட்டில், துடைக்கிற துணிக்கு அடியில் வைத்துக்கொள்வார். அங்கே எந்தப் பிள்ளையும் தேடாது. ஆட்டமும் கெடாது, அவருக்கும் உறுத்தாது. அவருக்கு இது பழைய வழக்கம்தான். அந்த நாளில் குடும்பத்தோடு எங்கே போனாலும் எல்லோருடைய டிக்கெட்டும் அந்தக் கூட்டில்தான் இருக்கும். வீடு வந்ததும் கூட்டைத் திறந்து டிக்கெட்டுகளை எடுத்து விளையாடுவது மகனின் உரிமை.

சாக்குகளுக்கு அவரிடம் பஞ்சமில்லை. ஆயுள் முழுக்கக் கேட்டுச் சேர்த்தவை. “அதோ, அந்தக் காக்கா தூக்கிட்டுப் போகுது பாரு.” “என் வீட்டுக்காரி சட்டையோட சேத்துத் துவைச்சுட்டா.” பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். “போங்க தாத்தா, இந்த ஒரு தடவை விட்டுடறேன்.” எத்தனையோ பிள்ளைகள் அவரைத் தாத்தா என்றன. அப்படிக் கூப்பிட வேண்டிய ஒருத்தி மட்டும் அவரைப் பார்த்ததே இல்லை.

மகன் அதே ஊரில்தான் இருந்தான். ஒரே பஸ்ஸில் போய்விடலாம். அவன் கூப்பிட்டதில்லை, அவரும் போனதில்லை. மனைவி மட்டும் வியாழக்கிழமைதோறும் போய்ப் பேத்தியைப் பார்த்து வருவாள். தாத்தாவுக்கு வெளியூரில் வேலை என்று பேத்தியிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த வேலைக்கு ஓய்வு என்று ஒன்று உண்டு என்பது எட்டு வயதுக்குத் தெரியவில்லை.

மகன் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தபோது நடந்தது. நல்ல மழை. டிக்கெட் கேட்டுக்கொண்டே போனவர், பின் வரிசையில் நண்பர்களோடு மகனைப் பார்த்தார். அவனிடம் பாஸ் இல்லை.

“அப்பா, வேற சட்டையில இருக்குப்பா. உங்களுக்கே தெரியும்.”

தெரியும். காலையில் கொடியில் கிடந்த சட்டைப் பையிலிருந்து அது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவரே பார்த்தார். ஆனால் பஸ் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இங்க அப்பா கிடையாது. எறங்கு.”

அவன் இறங்கினான். வீட்டுக்கு நனைந்து வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் தலையைத் துவட்டினான். அதற்குப்பின் அப்பா என்ற சொல்லை வீட்டிலும் அவன் எடுக்கவில்லை. “அவர் சாப்பிட்டாராம்மா?” “அவர்கிட்ட கையெழுத்து வாங்கிக் குடு.” வேலை கிடைத்ததும் தனியாகப் போனான். கல்யாணத்தை அம்மாவிடம் மட்டும் சொன்னான்.

ஒரு வியாழக்கிழமை மனைவி செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

“ஏங்க, சனிக்கிழமை உங்க மியூசியத்துக்கு வர்றது பாப்பாவோட பள்ளிக்கூடம்.”

“யார் சொன்னா?”

“பாப்பாதான். அம்மா அப்பா யாராவது ஒருத்தர் கூட வரணுமாம். அவன் லீவு போட்டிருக்கான்.”

“நான் அங்க இருப்பேன்னு அவனுக்குத் தெரியுமா?”

“சொல்லாம இருப்பேனா? ‘அவர் வேலைய அவர் பாக்கட்டும், பாப்பாகிட்ட யாருன்னு மட்டும் சொல்லக் கூடாது’ன்னான். நானும் வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். நான்தான் உன் தாத்தான்னு நீங்க ஆரம்பிச்சீங்க, என் வியாழக்கிழமையும் போயிடும்.”

“நான் எதுக்குச் சொல்லப் போறேன்?”

“உங்க வாயப் பத்தி எனக்குத் தெரியாதா? வர வேண்டியது வராது. வரக் கூடாதது ஜோரா வரும்.”

தெரிந்தும் லீவு போட்டிருக்கிறான் என்பதை மட்டும் இரண்டு நாளும் மென்றுகொண்டிருந்தார். வேண்டாம் என்றால் மருமகளை அனுப்பியிருக்கலாமே. ஒரு வார்த்தை பேசுவான். ‘எப்படி இருக்கீங்க’ என்றாவது. சனிக்கிழமை காலையில் இரண்டு முறை சவரம் செய்து, தாடையில் வெட்டிக்கொண்டார்.

“ஓடாதீங்க! பஸ்ஸே ஓடாது, நீங்க ஏன் ஓடறீங்க?” வாசலில் பொறுப்பாளர் பிள்ளைகளை வரவேற்கும் சத்தம் கேட்டது. செக்கர் தன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். டிக்கெட் கூட்டில், கூடு சட்டைப் பையில். ஓட்டுநரின் பெரிய கண்ணாடியில் பின்படிக்கட்டு தெரியும். அதில் ஒரு மனிதன் வந்து நின்றான். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. அது மகன் என்று புரிவதற்குச் சற்று நேரமாயிற்று.

தொப்பி அன்றைக்குப் பேத்திக்குக் கிடைத்தது. புருவம்வரை இறங்கிய அதைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு டிக்கெட்டையும் திருப்பி முதுகையும் பார்த்தாள்.

“மேடம், இந்த வண்டி எந்த மாடல்னு சொல்லுங்க பாப்போம்?” என்று ஒரு பஸ் பைத்தியம் வம்புக்கு இழுத்தது.

“டிக்கெட் எடுக்காம பேச்சு மட்டும் பேசறீங்களா? எடுங்க சார்.”

பஸ் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. செக்கரின் முன்னால் வந்து நின்றாள்.

“சார், டிக்கெட்.”

எல்லாப் பிள்ளைகளும் தாத்தா என்றுதான் கேட்கும். அவர் சட்டைப் பையைத் தட்டினார், கால்சட்டைப் பையைத் தட்டினார். காக்காவைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தார். வேறொன்று வந்தது.

“வேற சட்டையில இருக்கும்மா.”

சொன்னபிறகுதான் தன் காதிலேயே விழுந்தது. மகன் தெரிகிற அந்தக் கண்ணாடியை அவர் பார்க்கவில்லை.

“பாவம்டி தாத்தா. விட்டுடு,” என்றாள் ஒரு தோழி.

“இங்க தாத்தா கிடையாது. பயணிதான்.” பேத்தி பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். “எங்க தாத்தாவும் செக்கர்தான், வெளியூர்ல. டிக்கெட் இல்லன்னு எங்க அப்பாவையே எறக்கி விட்டாராம் தெரியுமா? மழையில!”

“சொந்தப் பையனையேவா?”

“சொந்தப் பையனையேதான். யாரையும் விட மாட்டாரு எங்க தாத்தா.”

பிள்ளைகள் வாய்பிளந்தன. மகன் எந்தக் குரலில் இதை மகளுக்குச் சொல்லியிருப்பான் என்று செக்கரால் ஊகிக்க முடியவில்லை. அவள் வாயில் அது பெருமையாக இருந்தது. கண்ணாடியில், மகன் தலை குனிந்து நின்றான். பிறகு ஒரு படி ஏறினான்.

“பாப்பா, அவரோட கண்ணாடிக் கூட்டுல பாரு.”

எல்லோரும் திரும்பினார்கள். கூட்டை அவன் மறக்கவில்லை.

“கூட்டைக் காட்டுங்க சார்,” என்று அவள் கையை நீட்டினாள்.

எடுத்துக் கொடுத்திருந்தால் முடிந்தது. டிக்கெட் வெளியே வரும், எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரித்திருப்பானோ என்னவோ. ஆனால் அவர் மனதில் ஒரு பையன் மழையில் நடந்துகொண்டிருந்தான். அவன் கண் முன்னால், அவன் மகள் சொல்லி, ஒரு தடவை தானும் இறங்கிவிட வேண்டும் என்று அந்த நொடியில் தோன்றியது. அவனுக்கு அது புரியும் என்றும் தோன்றியது.

“அதுல ஒண்ணும் இல்லம்மா. டிக்கெட் எடுக்கல, தப்புதான். எறக்கி விட்டுடு.”

“எறங்குங்க சார்.”

அவர் எழுந்து பின்படிக்கட்டுக்கு நடந்தார். மகன் ஒதுங்கி வழிவிட்டான். சட்டைப் பையில் கூட்டின் விளிம்பு தெரிந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னாக்கூட எடுக்க மாட்டீங்க, இல்ல?”

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். வந்தது இதுதான்:

“ஆட்டம் கெட்டுடும்ல.”

மகன் தலையை ஆட்டினான். “ஆமா. ஆட்டம் முக்கியம்.”

உள்ளே பிள்ளைகள் பேத்திக்குக் கைதட்டிக்கொண்டிருந்தன. மகன் அவளை அழைத்துக்கொண்டு முன்படி வழியாக இறங்கினான். தொப்பியைத் திருப்பிக் கொடுத்தவள் அவரைப் பார்த்து “டாட்டா சார்” என்றாள். செக்கர் மஞ்சள் அம்புக்குறிமேல் நின்று கையசைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். ஃபோன் வந்திருந்தது.

“‘அவர் மாறவே இல்லம்மா’ன்னான். என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

சொன்னார்.

“அவன் எறங்கினான்ல. நானும் ஒரு தடவை எறங்கிடலாம்னு…”

“அத அவன்கிட்ட சொன்னீங்களா?”

“இல்ல.”

“மனசுக்குள்ள எறங்கினா அவனுக்கு எப்படிங்க தெரியும்? இத்தனை வருஷம் கழிச்சு அவனா வந்து கையை நீட்டறான். ஒண்ணும் இல்லன்னுட்டு வந்திருக்கீங்க.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “எப்படித்தான் இருந்துச்சு, எறங்கறதுக்கு?” என்றாள்.

“ரெண்டே படி,” என்றார். “மழைகூட இல்ல.”

வியாழக்கிழமை அவள் வழக்கம்போல் போனாள். அதை மகன் தடுக்கவில்லை. அவள் திரும்பி வரும்வரை செக்கர் செய்தித்தாளின் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா உங்களுக்குச் சேதி சொல்லி விட்டிருக்கா,” என்றாள்.

“எனக்கா?”

“‘தாத்தாகிட்ட சொல்லுங்க பாட்டி, நானும் ஒருத்தர எறக்கி விட்டுட்டேன்’னா. கண்ணாடிக் கூட்டுல டிக்கெட் இருக்குன்னு அப்பாவே பொய் சொல்லிப் பாத்தாராம். அப்பவும் விடலையாம்.”

“அவன் பக்கத்துலயா இருந்தான்?”

“இருந்தான்.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“‘ஆமா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்’னான்.”

செக்கர் சட்டைப் பையிலிருந்து கூட்டை எடுத்தார். துணியை விலக்கினார். மடித்த டிக்கெட் அப்படியே இருந்தது, ஓட்டை விழாமல். மறுபடியும் மூடினார்.

“நீ என்ன சொன்ன?”

“தாத்தா வெளியூர்லேருந்து வந்ததும் சொல்றேன்னேன்,” என்று சொல்லிவிட்டு அவள் விளக்கைப் போடப் போனாள்.