கம்ப்யூட்டருக்கு ஊதுபத்தி

"நீ படிச்சது டைப் அடிக்கத்தான் பிள்ள. பொட்டியத் தொறக்கதுக்கு இல்ல." தொண்ணூறுகளில் பேட்டையில் நான் வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளி சொன்னது இது. குட்டையான ஆள், சட்டைப்பையில் எந்நேரமும் ஊதுபத்திக் கட்டு இருக்கும். கடை திறந்ததும் கம்ப்யூட்டரின் பின்பக்க ஓட்டைகளில் இரண்டு பத்தியைக் கொளுத்திச் செருகிக் கும்பிடுவார்.

அந்தப் பழைய கம்ப்யூட்டர் அரை மணிக்கொரு தரம் நின்றுபோனது. கல்யாணப் பத்திரிகைகள் பாதியில் அழிந்தன. அதை விற்றுவிட்டு மறுபடி அச்செழுத்துக் கோக்கப் போவதாகச் சொன்னார். அப்படியானால் எனக்கு வேலையில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். பீடி சுற்றத் திரும்பிப் போக மாட்டேன்.

அடுத்த முறை நின்றதும் பின்பக்கத்தைத் தொட்டேன். கொதித்தது. ஆறவிட்டால் ஓடியது. ஆனால் உள்ளிருக்கும் விசிறியின் சத்தமே கேட்கவில்லை.

"எப்படியும் விக்கத்தான போறிய அண்ணாச்சி, ஒரு தடவ தொறந்து பாக்கேன்."

"தொறந்துட்டு முழிக்கப் போற," என்றவர் பக்கத்திலேயே நின்றார்.

வயரைப் பிடுங்கிவிட்டுத் திருப்புளியால் திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே ஒரே சாம்பல். விசிறியில் எரிந்து தீர்ந்த பத்திக் குச்சிகள் சிக்கியிருந்தன. ஒவ்வொன்றாக உருவி அவர் கையில் கொடுத்தேன்.

"அப்ப நாந்தான் இதக் கொன்னுருக்கேனா?"

"மூச்சு முட்ட வச்சிருக்கிய அண்ணாச்சி."

அன்று மாலைவரை அது நிற்கவில்லை.

மறுநாள் காலை ஊதுபத்தியை எலுமிச்சம்பழத்தில் குத்தி, என் மேசையிலிருந்த திருப்புளிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அந்த மரியாதை திருப்புளிக்கா, எனக்கா என்று இன்றுவரை விளங்கவில்லை. அவர் கண்ணைத் திறந்தபோது திருப்புளி என் கையில் இருந்தது; தாளைக் கடித்துக் குதறும் பிரிண்டரைக் கழற்றத் தொடங்கியிருந்தேன்.