மாமியார் ஊர் வழியாகப் போன டிரான்சிட் பாஸ்

1. சாவி

லாரிச் சாவியை என் கையில் கொடுக்கும்போது மொதலாளி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஏழுமல, வண்டியில கீறல் உழுந்தா பெயின்ட் அடிச்சிக்கலாம். பப்பியேல தப்பு வந்தா ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு தடவ தப்பு வந்துச்சின்னா, நீ மறுபடியும் கிளீனர் சீட்டுதான். சம்மதமா?"

"சம்மதம் மொதலாளி."

காகிதத்தை அவர் பப்பியே என்றுதான் சொல்வார். அவருடைய அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அந்த வீட்டில் பில், பெர்மிட், ஆர்சி புக் எல்லாமே பப்பியே. முதலியார்பேட்டையில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு லாரி. அதில் நான் ஏழு வருஷம் கிளீனராக ஓடினேன். பேட்ஜ் வாங்கிய பிறகு டிரைவராக எனக்குக் கிடைத்த முதல் லோடு இது. கொச்சியிலிருந்து மீன் வலையும் கயிறும் ஏற்றிவர வேண்டும்.

செல்வி, குமரா, இந்தக் கதையில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதியை உங்க அம்மாவிடமே ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னேன். குமரன் இப்போது லாஸ்பேட்டையில் ஒரு பார்சல் ஆபீசில் உட்கார்ந்து ஈ-வே பில் போடுகிறான். "எங்க ஏத்துன, எங்க எறக்குற, எந்த வண்டி, எத்தினி நாளு... போலீஸ் மாதிரி கேக்குதுப்பா இது" என்று போன வாரம் சலித்துக்கொண்டான். அதற்காகத்தான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் செல்வி திருத்திக்கொள்ளட்டும்.

2. துண்டு துண்டான ஊர்

நம் பாண்டிச்சேரி ஒரே துண்டு கிடையாது. விழுப்புரத்திலிருந்து ரோட்டில் வருகிறவர்களுக்குத் தெரியும். மதகடிப்பட்டு நம்முடையது. அதைத் தாண்டினால் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. இன்னும் கொஞ்ச தூரம் வந்தால் அரியூர், மறுபடியும் நம்முடையது. கிராமத்து ரோடுகளில் இன்னும் வேடிக்கை. மாடு ஒரு மாநிலத்தில் மேயும், அதைக் கட்டுகிற கொட்டகை இன்னொரு மாநிலத்தில் இருக்கும்.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் ரயிலில் வருகிற சரக்கைக்கூட எல்லையில் நிறுத்திச் சோதிப்பார்களாம். மொதலாளியின் அப்பா சொல்வார். எங்கள் காலத்தில் அந்த வேலையை ரோட்டில் செக்போஸ்ட் செய்தது.

கேரளாவிலிருந்து பாண்டிச்சேரிக்கு வருகிற லோடு தமிழ்நாட்டின் குறுக்கே வந்தாக வேண்டும். வாளையார் எல்லையில் உள்ளே நுழையும்போது ஒரு டிரான்சிட் பாஸ் எழுதிக் கொடுப்பார்கள். இந்த வண்டியில் இந்தச் சரக்கு இருக்கிறது, இது தமிழ்நாட்டைக் கடந்து போகிறது, இத்தனை மணிக்குள் வெளியே போய்விட வேண்டும் என்று அதில் இருக்கும். பாண்டிச்சேரிக்கு முன்னால் இருக்கிற கடைசி செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தி, சரக்கைக் காட்டி, சீல் வாங்கிக்கொண்டு அந்தப் பாஸை ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைக்காவிட்டால், சரக்கைத் தமிழ்நாட்டிலேயே இறக்கி விற்றுவிட்டோம் என்று சட்டம் முடிவுகட்டிவிடும். வரி, அபராதம் எல்லாம் வண்டிக்காரர் தலையில்.

எனக்கு இது தெரியாமல் இல்லை. ஏழு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்ததுதான்.

3. ரெண்டு ஹார்ன்

அந்த ட்ரிப்புக்குக் கிளீனர் கிடைக்கவில்லை. டிரைவரும் நானே, கிளீனரும் நானே. வாளையாரில் பாஸ் வாங்கினேன். மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் விழுப்புரத்தைத் தாண்டிவிட்டேன். மனசு காற்று மாதிரி இருந்தது.

செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கிராமத்து ரோடு பிரியும். உங்க அம்மா ஊருக்குப் போகிற ரோடு. அந்த ஊரில் கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னைக் 'கிளீனர் மாப்ள' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாகச் சொல்வதுதான், ஆனாலும் சுருக்கென்று இருக்கும். ஸ்டியரிங் என் கையில். லாரி கழுவித் துடைத்தது மாதிரி பளபளக்கிறது. வேறென்ன சொல்ல? இன்டிகேட்டரைப் போட்டுத் திருப்பிவிட்டேன்.

மாமியார் வீட்டு வாசலில் ரெண்டு ஹார்ன் அடித்தேன். தெருவே வந்து பார்த்தது. மாமியார் இட்லி வைத்தார்கள், சாப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் டயரைக் கையால் தட்டிப் பார்த்து, "இவ்ளோ பெரிய வண்டிய நீங்களா ஓட்டியாந்தீங்க?" என்றார். அதற்காகத்தானே வந்தேன். அந்தச் சந்தோஷத்தோடு அப்படியே வயல் வழியாகப் பாண்டிச்சேரிக்குள் வந்து, பதினோரு மணிக்குத் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் வண்டியை நிறுத்தினேன்.

வலைக்காரர் நாகமுத்து அண்ணன் அரியாங்குப்பத்து ஆள். ரெண்டு விசைப்படகு அவருடையது. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நேரம். நாளை மறுநாள் விடியலில் படகு கடலுக்குப் போகிறது. அதற்குள் வலைக்குக் கயிறு கோத்து, மிதப்பு கட்டி முடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். தார்பாய்க் கயிற்றை அவர்களே அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"பில்ல குடு டிரைவரே" என்றார் நாகமுத்து அண்ணன்.

கவரைத் திறந்தேன். பில்லுக்கு மேலே டிரான்சிட் பாஸ் இருந்தது. அந்நேரத்துக்கு என் கையில் இருக்கவே கூடாத காகிதம் அது.

4. வலையோடு திரும்பினது

நான் செக்போஸ்ட்டைத் தாண்டி வரவில்லை. செக்போஸ்ட்டைச் சுற்றி வந்திருக்கிறேன்.

லோடை இறக்கிவிட்டால் யாருக்கும் இன்றைக்குத் தெரியாது. ஆனால் இறக்கின பிறகு காட்டுவதற்குச் சரக்கு இருக்காது. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ கழித்து மொதலாளி பேருக்கு நோட்டீஸ் வரும். அன்றைக்கு என் ஸ்டியரிங் போய்விடும்.

"அண்ணே, அவுக்காதீங்க. ஒரு சீல் உட்டுப்போச்சி. போயி வாங்கியாந்துடுறேன்."

"என்னாது? வல என் கண்ணு முன்னால நிக்குது, திருப்பி எடுத்துனு போறேன்ற?"

"சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேண்ணே."

"நாப்பது வருசமா கடலுக்குப் போறேன். கரைக்கு வந்தது திரும்பிப் போறத இன்னிக்குதான்யா பாக்குறேன்!" என்று கத்தினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கேபினில் ஏறி உட்கார்ந்தார். "கெளப்பு. என் வலைய உட்டுட்டு நான் எங்கியும் போவ மாட்டேன்."

5. வண்டியின் மூஞ்சி

செக்போஸ்ட்டில் அன்று ஒரு மேடம் ட்யூட்டியில் இருந்தார்கள். மூக்குக் கண்ணாடி, பக்கத்தில் சாப்பாட்டுப் பை. பாஸை வாங்கிப் பார்த்தார்கள். பிறகு ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தார்கள்.

"வண்டி மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கு?"

"தமிழ்நாட்டுப் பக்கம் மேடம்."

"அப்ப நீ தமிழ்நாட்டுக்குள்ள வர்ற. வெளிய போற வண்டிக்குத்தான் நான் சீல் வைக்க முடியும்."

"கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயி, உடனே திரும்பி வந்துடுறேன் மேடம்."

"தாண்டினா, பாண்டிச்சேரிலேர்ந்து உள்ள சரக்கு வந்துச்சுன்னு ரிஜிஸ்டர்ல ஏத்தணும். அதுக்கு பில் வச்சிருக்கியா?"

என்னிடம் இருந்தது கொச்சி பில் மட்டும்தான்.

நாகமுத்து அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், கடல்ல மீன் எவ்ளோ தூரம் போவுது, வருது. அதுக்கெல்லாம் எல்லை இருக்குதா?"

"அதனாலதான் மீனுக்கு நான் சீல் வைக்கறதில்ல" என்றார்கள் மேடம், சிரிக்காமலே. பிறகு என்னைப் பார்த்து, "எந்த வழியா பாண்டிச்சேரிக்குள்ள போன? உண்மையச் சொல்லு."

சொன்னேன். மாமியார் வீடு, ஹார்ன், இட்லி எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொல்வதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்த நாகமுத்து அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதை வைத்துச் சிரிக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

மேடம் பேனாவை மூடி வைத்தார்கள். "இங்க பாருப்பா. வழியிலயே சரக்க எறக்கி வித்துட்டு, பாண்டிச்சேரிக்குப் போச்சுன்னு காயிதம் மட்டும் காட்றவங்க இருக்காங்க. அதுக்குத்தான் இந்தப் பாஸே. சரக்கு வெளிய போனத என் கண்ணால பாத்தேன்னு நான் கையெழுத்து போடணும். பாக்காம போட்டா அது பொய்க் கையெழுத்து. நீ போன வழியாவே தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போ. அங்கேர்ந்து மெயின் ரோட்டப் புடிச்சி நேரா இங்க வா. அஞ்சு மணி வரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்."

மணி ஒன்றரை.

6. மறுபடியும் அதே தெரு

வந்த வழியே திருப்பி, அந்த வயல் ரோட்டில் மறுபடியும் நுழைந்தேன். மாமியார் வீட்டைத் தாண்டாமல் போக முடியாது. இந்த முறை ஹார்ன் அடிக்கவில்லை. ஆனால் லாரியை எங்கே ஒளிக்கிறது?

"என்னா மாப்ள, காலைல இந்தாண்ட போனீங்க, இப்ப அந்தாண்ட போறீங்க? வழி தெரியலியா?" மாமியார் வாசலிலிருந்து கேட்டது தெருவுக்கே கேட்டிருக்கும்.

"வேலை இருக்கு அத்த!"

"நிறுத்துய்யா, மோராவது குடிச்சிட்டுப் போலாம். காலைலேர்ந்து தொண்ட காயிது" என்றார் நாகமுத்து அண்ணன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிறுத்தினேன். அவர் ரெண்டு சொம்பு மோர் குடித்தார். என் பாஸில் மணி ஓடிக்கொண்டிருந்தது.

மெயின் ரோட்டைப் பிடித்து, தமிழ்நாட்டுப் பக்கமிருந்து செக்போஸ்ட்டுக்கு வந்து நின்றபோது மணி மூணு. மேடம் எழுந்து வெளியே வந்தார்கள். தார்பாயைத் தூக்கச் சொல்லி, வலைக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பில்லோடு சரிபார்த்தார்கள். சீல் வைத்தார்கள்.

"இப்பதான் நீ தமிழ்நாட்ட விட்டுப் போற. போயிட்டு வா."

நாலரை மணிக்குத் துறைமுகத்தில் லோடு இறங்கியது. விளக்குப் போட்டுக்கொண்டு கோத்தார்கள். அந்த ரெண்டு படகும் மற்ற படகுகளோடு சேர்ந்து, தடைக்காலம் முடிந்த முதல் நாளே கடலுக்குப் போயின.

7. மொதலாளி கேட்டது

அன்று சாயங்காலமே மொதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சாவியை மேஜைமேல் வைத்தேன். அவர் சீல் வைத்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இட்லி எத்தினி சாப்ட?"

"ஆறு மொதலாளி."

"பப்பியே சரியாதான் இருக்கு" என்று சாவியை என் பக்கம் தள்ளினார். "டீசல் செலவு மட்டும் அந்த ஆறு இட்லிக்கு ரொம்ப ஜாஸ்தி."

மாமியார் ஊரில் அன்றிலிருந்து எனக்கு 'ரவுண்டு மாப்ள' என்று பேர். கிளீனர் மாப்ளைக்கு அது எவ்வளவோ தேவலை.

ஜிஎஸ்டி வந்த பிறகு அந்த செக்போஸ்ட்டைப் பூட்டிவிட்டார்கள். ரயிலில் வந்தாலும் லாரியில் வந்தாலும் அன்று எல்லையில் ஆள் நிறுத்திக் கேட்டதை இன்று குமரனின் கம்ப்யூட்டர் உட்கார்ந்த இடத்திலேயே கேட்கிறது. கேள்வி ஒன்றுதான்: நீ சொன்ன சரக்கு, சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? குமரா, நீ போடுகிற பில்லை நம்பி எங்கேயோ ஒருத்தர் பார்க்காததைப் பார்த்ததாக எடுத்துக்கொள்கிறார். சலிப்பு வந்தால் அதை நினைத்துக்கொள். தப்பு நடந்துவிட்டால், லோடு இறங்குவதற்கு முன்னால் திரும்பிப் போ. இறங்கின பிறகு திரும்புவதற்கு வழி கிடையாது.

இன்னும் ஒன்று பாக்கி. படகு திரும்பி வந்ததும் நாகமுத்து அண்ணன் ஒரு பெரிய வஞ்சிரத்தை ஐஸில் வைத்துக் கொடுத்து, "அந்த அம்மாகிட்ட குடுத்துட்டு வாய்யா, நல்ல பொம்பள" என்றார். கொண்டுபோனேன். மேடம் மீனைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"இதுக்குப் பில் இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்ப தமிழ்நாட்டுக்குள்ள வராது. வந்த வழியே திருப்பு."

இந்த முறை எங்கே திருப்புவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. உங்க அம்மா ஊர் பாண்டிச்சேரி எல்லைக்குள்தான் இருக்கிறது, அங்கே மீனுக்குப் பில் கேட்க ஆள் கிடையாது. மாமியார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, நன்றாக ரெண்டு ஹார்ன் அடித்தேன்.