மேலே மறைக்காத வீடு

மூன்று வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மழை தொடங்கும் சமயம், பேட்டையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இன்றுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

என் தம்பிக்கு இருபது வயதிலிருந்தே மனசு சரியில்லை. மூடிய அறையில் விட்டால் பயந்து அலறுவான். மொட்டை மாடியில் இருந்தால் சாதுவாக இருப்பான். அதனால் மாடியில் நீல ஷீட் போட்டு ஒரு கொட்டகை, வெளியே ஒரு கட்டில். தெருவுக்குத் தெரியாமல் இருக்க நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினோம். சொந்தக்காரர்களிடம் அவன் வடக்கே வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தோம். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தாளே, வேறென்ன செய்ய? சத்தம் போடாமல் இரு என்பதுதான் நான் அவனிடம் அதிகம் பேசிய பேச்சு.

மகளுக்கு நல்ல இடம் ஒன்று வந்தது. பெண் பார்க்க வருவதற்கு நாலு நாள் முன்பு மாப்பிள்ளையின் தாய்மாமன் போன் செய்தார். வரும் வழியைப் பார்ப்பதற்காக மேப்பைத் திறந்தாராம். அப்படியே எங்கள் வீட்டை மேலிருந்து பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்.

"மாடில நீல ஷீட்டு போட்டிருக்கியளே, ஆரும் குடியிருக்காவளா?"

கோழி அடைக்க என்றேன்.

"வெளிய கட்டிலு கெடக்க மாதிரி தெரியுதே. கோழி கட்டில்லயா படுக்கு?" என்று சிரித்தார்.

நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். கதவைத் தட்டாமல் என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்த மனிதரிடம் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவமானம்தான் வந்தது. சுவரை இவ்வளவு உயரமாகக் கட்டினோமே, மேலிருந்தும் ஒருவர் பார்ப்பார் என்று யார் கண்டது?

மறுநாளே ஷீட்டைப் பிரித்தோம். சாத்தான்குளம் பக்கம் ஒரு காப்பகத்தில் பத்து நாளைக்குத் தம்பியை விட ஏற்பாடு செய்தேன். காரிலிருந்து இறங்கியவன் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான்.

"எக்கா, நான் சத்தமே போடலியே" என்றான்.

விரல்களைப் பிரித்து எடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் காற்று வாங்குவதாகச் சொல்லி மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திருப்தியாக இறங்கினார். அன்றே பேசி முடித்துவிட்டோம். மறுநாள் காலையில் காப்பகத்திலிருந்து போன் வந்தது. இரவு தம்பி சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டான்.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். பஸ் ஸ்டாண்டெல்லாம் படம் ஒட்டினோம். பனங்காட்டுக்குள் ஆள் விட்டுத் தேடினோம். கிடைக்கவில்லை. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. தன் மாமன், என் தம்பி, எங்கே என்று கேட்டு மகள் அழுதாள். அவளும் இப்போது என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

தினமும் மத்தியானம் போனில் அந்த மேப்பைத் திறந்து, சாத்தான்குளம் பக்கத்துத் தெருக்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். ஊரார் வீட்டு மாடி, கொல்லைப்புறம் ஒன்றையும் விடுவதில்லை. பழைய படம் என்றும் தெரியும், அதில் ஆள் முகம் தெரியாது என்றும் தெரியும். அன்றைக்குப் போனில் "அது என் தம்பி இருக்கிற இடம்" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் இப்போது யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறேன்.