கடல் கடந்து கேட்ட துட்டி

கோமதிநாயகம் அண்ணாச்சி போய்விட்ட செய்தி வந்தபோது நான் பூ மார்க்கெட்டில் சத்தமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்குத் தொண்டை அப்படித்தான் பழகியிருக்கும். போனில் அவர் மகள் உமா. "சித்தப்பா, அப்பா காலையில சட்டையப் போட்டுக்கிட்டுக் கட்டில்ல உக்காந்தாவ. அப்படியே சாஞ்சிட்டாவ" என்றாள். எங்கே கிளம்பினார் என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கக் கூடாத கேள்வி, வாய் கேட்டுவிட்டது. "கரிவலத்துல ஒரு துட்டி. அதுக்குத்தான் கெளம்புனாவ" என்றாள். பூக்காரி கையில் பொட்டலத்தோடு நிற்க, நான் அண்ணாச்சி வீட்டைப் பார்த்து நடந்தேன்.

சங்கரன்கோவில் டெப்போவில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது வியப்பாக இருக்காது. இழவு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வருவதை நம் பக்கத்தில் துட்டிக்குப் போவது என்போம். நமக்கெல்லாம் அது தலையைக் காட்டிவிட்டு வரும் கடமை. அண்ணாச்சிக்கு அது இன்னொரு உத்தியோகம். ராயகிரி வண்டியை அவர் ஓட்ட, நான் டிக்கெட் கொடுக்க, பதினொரு வருஷம் ஒன்றாகப் போனோம். வழியில் எந்த வீட்டு வாசலில் துட்டிப் பந்தலைக் கண்டாலும் சங்குச் சத்தம் கேட்டாலும் அந்தத் தெரு முடிகிறவரை ஆரன் அடிக்க மாட்டார். எதிரே மாடு நின்றால் மாடு நகரும்வரை நிற்பார். பயணிகள் கத்துவார்கள். அவர்களைவிட அதிகமாக நான் கத்துவேன். டூட்டி முடிந்ததும் காக்கிச் சட்டையை மாற்றிக்கொண்டு அதே தெருவுக்குத் திரும்பிப் போவார்.

என் அம்மா இறந்த அன்று முதல் ஆளாக வந்தார். இரண்டு கைகளையும் நீட்டினார். துட்டி கேட்பது அப்படித்தான்; நான் என் கைகளை அவற்றில் வைத்தேன். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு ஆச்சு என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்க, நான் ஒரே கதையை நாற்பது தடவை சொன்னேன். அவர் மட்டும் கேட்கவில்லை. துட்டி வீட்டில் "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனாலும் நாம் கண்ணையாவது காட்டிவிட்டுக் கிளம்புவோம். அவர் அதுவும் செய்ய மாட்டார். திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் சந்திப்போம். அங்கே டிவியில்தான் கடல் கடந்த ஒரு நாட்டுப் போர் எங்களிடம் வந்து சேர்ந்தது. அந்த நாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் ஒரு பக்கமாகவும் மீதிப் பேர் இன்னொரு பக்கமாகவும் பிரிந்துகொண்டு படிப்பீர்கள். நானும் ஒரு பக்கத்தில்தான் இருந்தேன். யார் முதலில் அடித்தது, யாரிடம் எத்தனை விமானம் என்று தினமும் கடையை இரண்டாக்குவேன். ஒருநாள் திரையில் வெள்ளைத் துணிப் பொதிகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். அதில் ஒன்று மிகவும் சின்னது. நான் பேச்சை நிறுத்தவில்லை. அண்ணாச்சி பாதி டீயோடு கிளாஸை வைத்தார்.

"துட்டி வீட்டுக்குப் போனா, யாரு மேல தப்புன்னுதான் மொதல்ல கேப்பீரா வே?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப்போல் கேட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை. ஒரு வாரம் வரவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "சாப்பாடே எறங்க மாட்டேங்கு சித்தப்பா. கேட்டா ஒண்ணுமில்லங்காவ" என்றாள் உமா. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், காத்திருந்தவர் போலச் சொன்னார்: "எனக்குத் துட்டி கேக்கணும் வே. ஒரே ஒரு ஆள்ட்டயாவது கேக்கணும். அந்த ஊர்க்காரன் யாரையும் உமக்குத் தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க இங்கன துட்டி கேட்டா அங்கன குண்டு போடுதது நின்னுருமா அண்ணாச்சி?"

"நிக்காது. துட்டிக்குப் போனா செத்தவன் எந்திச்சா வாரான்? அதுக்காவ போவாம இருக்கமா?"

வெட்கமான விஷயம் என்னவென்றால், அவர் கேட்ட அந்த ஒரு ஆளை எனக்குத் தெரியும். என் மகன் செந்தில் வளைகுடாவில் ஒரு குடோனில் வேலை செய்கிறான். அங்கே லாரி ஓட்டும் யூசுப் அந்த நாட்டுக்காரர். குண்டு விழுந்து அவருடைய அக்கா இறந்துவிட்டார். ஊருக்குப் போக வழியில்லை. மறுநாளே வண்டி எடுத்தார் என்று செந்தில் அந்த வாரம்தான் சொல்லியிருந்தான். அதைக் கேட்டு நான் செய்தது என்ன? டீக்கடைக்கு எடுத்துப் போய் என் கட்சிக்குச் சாட்சியாகச் சொல்லி அன்றைய வாதத்தில் ஜெயித்தேன். இதை அண்ணாச்சியிடம் ஒப்புக்கொண்டபோது அவர் என்னைத் திட்டவில்லை. "அவருக்கு எப்ப லீவு?" என்று மட்டும் கேட்டார்.

யூசுப்புக்கு லீவு வெள்ளிக்கிழமை; அன்று காலை அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். துவைத்த வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. ஒரு செம்பில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ கால் போட்டேன். திரையில் செந்திலுக்குப் பக்கத்தில், தன் அறைக் கட்டில் விளிம்பில் யூசுப் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், அகலமான தோள். யாரோ ஒரு கிழவர் எதற்காகத் தன்னைப் பார்க்க வேண்டும் என்று புரியாத முகம். அண்ணாச்சி இரண்டு கைகளையும் போனை நோக்கி நீட்டினார். யூசுப் செந்திலைப் பார்த்தார். செந்தில் என்னவோ சொன்னான். யூசுப் தயங்கித் தயங்கித் தன் கைகளையும் நீட்டினார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அண்ணாச்சி பேசவே இல்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "செந்திலு, அண்ணாச்சி என்ன சொல்லுதாவன்னா" என்று தொடங்கினேன். என் முழங்காலில் அவர் கை அழுந்தியது. மறுபடி வாயைத் திறந்தேன். மறுபடி அழுத்தினார். பேசாமல் இருப்பது எவ்வளவு பாரமான வேலை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்து நிமிடம் போயிருக்கும். யூசுப் குனிந்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. செந்தில் பிறகு சொன்னான், அக்கா இறந்த செய்திக்கு அவர் அழுது அவர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று. அண்ணாச்சி தேற்றவும் இல்லை, பார்வையைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அழுது ஓயும்வரை இருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்தார்.

உடனே போன் அடித்தது. அண்ணாச்சி எடுக்காமல் கட் பண்ணினார். மறுபடி அடித்தது. மறுபடி கட் பண்ணினார். மூன்றாம் தடவை நான் பறித்து எடுத்தேன். "லைன் கட்டாவுதாப்பா? யூசுப் பதறுதாரு. ஐயாவுக்கு ஏதும் முடியலையான்னு கேக்காரு" என்றான் செந்தில்.

அண்ணாச்சி முகத்தில் குற்றம் செய்துவிட்டவர் போன்ற தவிப்பு. "அட, லைனு கட்டாவல. நான் கெளம்பிட்டேன்னு சொல்லு மக்கா. துட்டி வீட்டுல சொல்லிக்கிட்டுக் கெளம்பக் கூடாதுலா."

அதை செந்தில் தன் அரைகுறை அரபியில் எப்படி விளக்கினானோ தெரியாது. வெகு நேரம் விளக்கினான். பிறகு அந்தப் பக்கமிருந்து போன் வரவில்லை. அண்ணாச்சி அதற்குள் பின்வாசல் குழாயடிக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்துத் தலையோடு ஊற்றிக்கொண்டிருந்தார். "போன்ல பாத்ததுக்குமா குளிக்கணும்?" என்றேன். "துட்டிக்குப் போயிட்டு வந்தா குளிக்கணும்லா வே" என்றார். அன்று எங்கள் வீட்டில் இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

போர் நிற்கவில்லை. இதை எழுதும் இன்றும் நடக்கிறது. அக்காவின் பதினாறாம் நாளுக்கு அண்ணாச்சி யூசுப்பை மறுபடி அழைக்கச் சொன்னார். பிறகு பல வெள்ளிக்கிழமைகள். டிரைவருக்கு டிரைவர் என்பதால் சில நாள் லாரியின் டயரையும் கியரையும் காட்டிச் சிரித்துக்கொள்வார்கள். சில நாள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். டீக்கடையில் அந்தப் போரைப் பற்றி நான் வாதம் செய்வது என்னை அறியாமலே நின்றுவிட்டது.

அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு ராயகிரி வழித்தடமே திரண்டு வந்திருந்தது. நான் பழையபடி சத்தம் போட்டு நாற்காலி, பந்தல் என்று ஓடிக்கொண்டிருந்தேன். அழ நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. செந்தில் எண்ணிலிருந்து வீடியோ கால். எடுத்தால் யூசுப். இரண்டு கைகளையும் நீட்டினார். நானும் நீட்டினேன். ஏதாவது சொல்லத் தோன்றியது. என் முழங்காலை நானே பிடித்துக்கொண்டேன். அழுதேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது திரை அணைந்திருந்தது. லைன் போய்விட்டது என்று திரும்ப அழைக்க விரல் ஓடியது. அப்புறம்தான் உறைத்தது. விரலை எடுத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் செந்திலிடமிருந்து செய்தி வந்தது: "யூசுப் குளிக்கப் போயிருக்காருப்பா."

உமாவிடம் கேட்டு அந்தக் கரிவலம் வீட்டின் அடையாளத்தைத் தெரிந்துகொண்டேன். மறுநாள் எட்டு மணி வண்டியில் போனேன். எனக்கு முன்பின் தெரியாத குடும்பம். கைகளை நீட்டினேன். ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். யார், எப்படி என்று நான் கேட்கவில்லை. அவர்களும் என்னை யாரென்று கேட்கவில்லை. அண்ணாச்சி சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிய துட்டி அது. அவர் சார்பில் கேட்டாகிவிட்டது. அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது துட்டி வீட்டில் அவர் உட்காரும் அந்த நாற்காலியைத்தான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன்.